மூன்றாம் வருஷம்தான் வெட்டலாம்

அன்பும் நீண்ட ஆயுளும் நிறைந்த தம்பிக்கு, உன் அண்ணன் சொல்லச் சொல்ல உன் அண்ணி எழுதுவது. இங்கே நானும் அவளும் நலம். வாசல் கதவு மட்டும் மழைக்கு ஊதிப்போய்ச் சாத்த மாட்டேன் என்று அடம்பிடிக்கிறது. அங்கே நீயும் உன் வீட்டுக்காரியும் உன் இடது முழங்காலும் சுகமாக இருக்க வேண்டும். இதை ஃபோனிலேயே சொல்லியிருக்கலாமே என்று நினைப்பாய். ஃபோனில் நீ நடுவில் பேசுவாய். கடிதத்தில் பேச முடியாது. அதனால்தான்.

உன் கடிதம் போன செவ்வாய்க்கிழமை வந்தது. உன் அண்ணி இரண்டு தடவை வாசித்தாள். முதல் தடவை வாசித்தபோது, "இந்த வயசில் அண்ணனுக்கு என்ன விவசாயம், பேசாமல் உட்கார்ந்து காப்பி குடிக்கச் சொல்லுங்கள்" என்று ஒரு வரி இருந்தது. இரண்டாம் தடவை வாசித்தபோது அந்த வரியைக் காணோம். எனக்கு எழுத்துத்தான் தெரியாது, ஒரு வரி குறைந்தால் தெரியாதா? "நடுவுல ஒண்ணை முழுங்கிட்டியே" என்றேன். "அது ஒண்ணுமில்ல, அந்த இடத்துல உங்க தம்பி பேனா சரியா எழுதல" என்றாள். (முழுங்கியது உண்மைதான் கொழுந்தனாரே. கோபம் வேண்டாம். இப்படிக்கு அண்ணி.) உன் மேல் எனக்கு வருத்தம் இல்லை. இந்தக் கடிதத்தை முழுக்க வாசித்தால் நீ சொன்னதுதான் சரி என்று நானே ஒப்புக்கொண்டிருப்பது தெரியும். ஆனால் எப்படி ஒப்புக்கொண்டேன் என்பதை வரிசையாகச் சொல்லிவிட்டுத்தான் ஒப்புக்கொள்வேன்.

வீட்டுக்குப் பின்னால் இருக்கிற அரை ஏக்கரில் பாதி உன்னுடையது, பாதி என்னுடையது. அதன் மேல் எனக்குப் பாசம் கீசம் எதுவும் கிடையாது. அப்பா அங்கே விளைவித்தது பக்கத்து வீட்டுக்காரரோடு சண்டை ஒன்றைத்தான். குடோன் கட்ட இடம் தேடுகிறவர் இரண்டு தடவை வந்து காலடி வைத்து அளந்துவிட்டுப் போனார். நீ கையெழுத்துப் போட்டுவிட்டாய், என் கைநாட்டு ஒன்றுதான் பாக்கி. நான் உன்னிடம் ஒரு மாதம் கேட்டேன். பக்கத்தில் இருக்கிற சின்னத் தோட்டங்களைப் போய்ப் பார்க்கிறேன், எல்லாரும் போடாத பயிராக, அரை ஏக்கருக்குள் ஒரே ஆள் கையால் செய்கிற மாதிரி ஏதாவது இருந்தால் நிலம் இருக்கட்டும், இல்லாவிட்டால் மறு பேச்சுப் பேசாமல் பெருவிரலை நீட்டுகிறேன் என்றேன். "சரிண்ணே, ஒரு மாசம்" என்றாய். அதற்குப் பிறகு "ஆனா" என்று ஆரம்பித்து, மனசு மாறி, அதை ஒரு இருமலாக்கிவிட்டாய். அந்த இருமலும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. மாதம் நேற்றோடு முடிந்தது.

எதற்கு இந்த ஆசை என்று நீ கேட்கவில்லை, நானே சொல்கிறேன். நாற்பது வருஷம் தண்ணீர்க் குழாய் பதிக்கக் குழி வெட்டினேன். இந்த ஊரில் எந்தத் தெருவில் எத்தனை அடி ஆழத்தில் எந்தக் குழாய் ஓடுகிறது, எந்த வளைவில் வால்வு இருக்கிறது என்று இன்றைக்கும் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். ஆனால் நான் வெட்டிய குழி ஒன்றைக்கூட யாரும் பார்க்க முடியாது. காலையில் வெட்டினால் சாயங்காலத்துக்குள் மூட வேண்டும், இஞ்சினியர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நிற்பார். மேலே தார் போட்டுவிட்டால் முடிந்தது கதை. ஓய்வு பெற்றுப் பதினாறு வருஷமாக வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன். கதவு பிடிக்கிறது, ஜன்னல் கிறீச்சிடுகிறது என்று நான் கையில் எதையாவது எடுத்தால் உன் அண்ணி வந்து வாங்கி வைத்துவிடுகிறாள். (இரண்டு தடவை ஜன்னலே கையோடு வந்துவிட்டது.) சரி, அது கிடக்கட்டும்.

வேளாண் ஆபீசில் ஒரு ஏற்பாடு இருக்கிறது. சனிக்கிழமைதோறும் பன்னிரண்டு பேரை வேனில் ஏற்றிக்கொண்டு போய், ஒரு சின்னத் தோட்டத்தைக் காட்டி, அங்கே புதுப் பயிர் செய்கிறவர் வாயாலேயே சொல்லச் சொல்கிறார்கள். கூட்டிப் போகிறவர் ஒரு ஆபீசரம்மா. நம் மகள் வயதுதான் இருக்கும், ஆனால் எல்லாரையும் எண்ணி எண்ணி வேனில் ஏற்றுவதைப் பார்த்தால் பெரிய மாமியார் மாதிரி இருக்கும். மற்ற பதினொரு பேரிடமும் நோட்டு உண்டு. அதில் ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர், பேரே நோட்டு வாத்தியார்தான், பயிரை நிமிர்ந்து பார்ப்பதே இல்லை, குனிந்து எழுதிக்கொண்டே இருப்பார். திரும்பி வரும்போது வேனில் என் பக்கத்தில் உட்கார்ந்து, "ஐயா, அந்த ரெண்டாவது அறையில என்ன இருந்துச்சு?" என்று என்னிடம் கேட்பார். நான் சொல்லச் சொல்ல அதையும் எழுதிக்கொள்வார். அவருக்குக் கண் நான், எனக்கு எழுத்து அவர் என்று வைத்துக்கொள்ளலாம், ஆனால் அவர் எழுதியதை அவராலேயே வாசிக்க முடியவில்லை.

முதல் சனிக்கிழமை காளான் தோட்டம். தோட்டம் என்றால் தோட்டம் இல்லை, மூன்று இருட்டு அறை. நடத்துகிறவர் முப்பது வருஷம் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவர், ஆகையால் உள்ளே போவதற்கே ஆபரேஷனுக்குப் போகிற மாதிரி இருந்தது. வாசலில் ஒரு தொட்டி, அதில் மருந்துத் தண்ணீர், காலை நனைக்க வேண்டும். கையை நீட்டினால் ஸ்பிரிட் அடிக்கிறார். வைக்கோலை ஊறவைத்து, ஆவியில் வேகவைத்து, ஆறவைத்து, பிளாஸ்டிக் பையில் ஒரு அடுக்கு வைக்கோல், ஒரு அடுக்கு காளான் விதை என்று திணித்து, இருட்டில் தொங்கவிட வேண்டும் என்றார். எல்லாம் சரி என்று தலையாட்டிக்கொண்டே போனேன். ஓர் ஓரத்தில் மூன்று பைகளைப் பிரித்து, வைக்கோல் கட்டை மட்டும் தனியாக வைத்திருந்தது. பார்த்தேன், எனக்குத் திக்கென்றது. மேலிருந்து கீழ்வரை வெள்ளை வெளேரென்று பூசணம். பழைய ரொட்டியில் படருமே, அதே பூசணம். பாவம், இவ்வளவு சுத்தம் பார்க்கிற மனுஷி, இதைக் கவனிக்காமல் விட்டுவிட்டாரே, பன்னிரண்டு பேர் முன்னால் சொன்னால் அவர் முகம் என்னத்துக்காகும் என்று நினைத்து வாயைத் திறக்கவில்லை. எல்லாரும் அடுத்த அறைக்குப் போகும் வரை காத்திருந்தேன். தோளில் கிடந்த துண்டை எடுத்தேன். நன்றாக அழுத்தி, ஒரு பொட்டு விடாமல், மூன்று கட்டையையும் துடைத்துப் பழைய வைக்கோல் நிறத்துக்குக் கொண்டுவந்துவிட்டேன். ஒரு நல்ல காரியம் செய்த திருப்தியோடு அடுத்த அறைக்குப் போய், கூட்டத்தில் கடைசியில் நின்றேன்.

அங்கே நர்ஸம்மா சொல்லிக்கொண்டிருந்தார்: "அந்த வெள்ளையா படர்ந்திருக்குது பாருங்க, அதுதான் எல்லாமே. அது முழுசா படர பதினெட்டு நாள் ஆகும். நான் ராவும் பகலும் குழந்தையைப் பார்க்கிற மாதிரி பார்க்கணும். வாங்க, பிரிச்ச கட்டையில காட்டுறேன்."

தம்பி, வாழ்க்கையில் நான் மூன்று தடவைதான் ஓட நினைத்திருக்கிறேன். அதில் இது ஒன்று. எல்லாரும் திரும்பி வந்து அந்த மூன்று கட்டைகளைச் சுற்றி நின்றார்கள். நர்ஸம்மா கட்டையைப் பார்த்தார். கூட்டத்தைப் பார்த்தார். என் தோளில் மாவில் புரட்டி எடுத்த மாதிரி இருந்த துண்டைப் பார்த்தார். "ஐயா" என்று ரொம்ப மெதுவாகக் கூப்பிட்டார், நோயாளிக்குக் கெட்ட செய்தி சொல்கிற குரலில். "நீங்க தொடச்சீங்களே, அதுதான் பயிரு." நான், "பூசணம்னு நினைச்சேம்மா" என்றேன். "பூசணம்தான். நான் விக்கிறதே பூசணம்தான்" என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். என் கைக்கு மறுபடி ஸ்பிரிட் அடித்துவிட்டு, துண்டை இடுக்கியால் எடுத்து ஒரு பையில் போட்டுக் கட்டிக் கொடுத்தார். காளான் சுத்தத்தின் பயிர், ஆனால் எது அழுக்கு என்று தெரிந்தவனுக்குத்தான் வரும். எனக்கு வராது என்று முடிவு செய்தேன்.

இரண்டாம் சனிக்கிழமை கீரைத் தோட்டம். லெட்டூஸ் என்று ஒரு கீரை, சமைக்காமல் பச்சையாகவே தின்கிறார்களாம். அதை மண்ணிலும் போடுவதில்லை. கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு வந்த ஒருவர், பிளாஸ்டிக் தாள் போர்த்திய கூடாரத்துக்குள் வெள்ளைக் குழாய்களை வரிசை வரிசையாகப் படுக்கவைத்து, குழாயின் முதுகில் ஓட்டை போட்டு, ஓட்டைக்கு ஒரு செடி உட்காரவைத்திருக்கிறார். குழாய்க்குள் உரம் கலந்த தண்ணீர் எப்போதும் மெல்ல ஓடிக்கொண்டே இருக்கும், வேர் அதைக் குடித்துக்கொள்ளும். எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார். கடைசியில் நமக்குத் தெரிந்த ஒரு விவசாயத்துக்கு வந்துவிட்டோம் என்று இருந்தது. குழாயின் வாட்டம், அதாவது சரிவு, எவ்வளவு என்று நான் கண்ணாலேயே சொன்னேன், அவர் அளந்து பார்த்துவிட்டு, "அப்படியே சரியா சொல்றீங்களே ஐயா!" என்று வாயைப் பிளந்தார். ஆபீசரம்மாவும் போன வாரத்தை மறந்து என்னைப் பார்த்துச் சிரித்தார். அங்கேயே நான் வேனில் ஏறி உட்கார்ந்திருக்க வேண்டும்.

எல்லாரும் வெளியே மரத்தடியில் டீ குடிக்கப் போனார்கள். நான் கடைசியாக வந்தேன். வருகிற வழியில் ஒரு வால்வு முழுக்கத் திறந்து கிடந்தது, பக்கத்தில் ஆள் இல்லை, தண்ணீர் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. நாற்பது வருஷப் பழக்கம், தம்பி. ஆளில்லாமல் ஓடுகிற தண்ணீரைப் பார்த்துவிட்டு என்னால் சும்மா போக முடியாது. கை தானாகப் போய் மூடிவிட்டது. மூடியதோடு விட்டேனா? எங்கள் வேலையில் ஒரு வழக்கம். வால்வை மூடினால், அடுத்து வருகிற ஆளுக்குத் தெரியும்படி அதில் ஒரு துணி கட்ட வேண்டும். கட்டாமல் போனால் சம்பளத்தில் பிடிப்பார்கள். புதுத் துண்டின் ஓரத்தைக் கிழித்து, அழகாக ஒரு முடிச்சுப் போட்டுவிட்டு டீ குடிக்க வந்தேன்.

டீயும் ஆயிற்று, பேச்சும் ஆயிற்று, வெயிலும் ஏறிவிட்டது. ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கும், கம்ப்யூட்டர்காரரின் ஃபோன் கத்தியது. தண்ணீர் வரவில்லை என்று அந்தத் தோட்டமே அவருக்கு ஃபோன் பண்ணுமாம். உள்ளே ஓடினோம். செடியெல்லாம் தலையைத் தொங்கப்போட்டுக் கிடந்தது. "மோட்டார் ஓடுது, தண்ணி வரலையே!" என்று அவர் தலையில் கைவைத்துவிட்டார். மோட்டாரைப் பிரித்தார், வடிகட்டியைக் கழுவினார், நோட்டு வாத்தியார் எல்லாவற்றையும் எழுதினார். அப்போது ஆபீசரம்மா என்னைப் பார்த்து, "ஐயா, நீங்கதானே குழாய் ஆளு, கொஞ்சம் பாருங்களேன்" என்றார். நான் துண்டை இழுத்துக் கட்டிக்கொண்டு இறங்கினேன். குழாயில் காதை வைத்தேன். "எல்லாரும் சத்தம் போடாம இருங்க" என்றேன். மோட்டாரிலிருந்து ஆரம்பித்து, ஒவ்வொரு இணைப்பிலும் தட்டி, "இங்க வருது, இங்க வருது, இங்கயும் வருது" என்று பதினொரு பேரையும் பின்னால் இழுத்துக்கொண்டு போனேன். ஒரு மூலையில் சத்தம் நின்றது. "புடிச்சிட்டேன்! எவனோ வால்வை மூடித் தொலைச்சிருக்கான்!" என்று கத்திக்கொண்டே கையை நீட்டினேன். வால்வில் ஒரு துணி கட்டியிருந்தது. நீலக் கரை போட்ட துணி. என் இடுப்பில் கட்டியிருந்த துண்டின் கரையும் நீலம்.

நோட்டு வாத்தியார் பேனாவை மூடினார், அந்த மனுஷன் பேனாவை மூடி நான் பார்த்ததே இல்லை. "நான்தாம்ப்பா" என்றேன். கம்ப்யூட்டர்காரர் முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார், வரவில்லை, கடைசியில் நான்தான் அவிழ்த்தேன். "முடிச்சு நல்லா போட்டிருக்கீங்க" என்றார், வேறு என்ன சொல்வது என்று தெரியாமல். தண்ணீர் விட்டதும் பாதிச் செடி எழுந்தது. மீதிப் பாதி எழவில்லை. வேனில் ஏறும்போது ஆபீசரம்மா எல்லாரையும் எண்ணினார், என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டு, "ஐயா, அடுத்த வாரம் நீங்க வரலாம். ஆனா கையைப் பின்னால கட்டிக்கிட்டுத்தான் வரணும்" என்றார். வீட்டுக்கு வந்து சொன்னேன், உன் அண்ணி சிரித்த சிரிப்பில் இரண்டு நாள் வயிற்றுவலி என்றாள். (மூன்று நாள்.)

மூன்றாம் சனிக்கிழமை மழை, வேன் போகவில்லை. நாலாம் சனிக்கிழமை, அதாவது கடைசி. நான் சொன்ன சொல் தவறாதவன், வீட்டு வாசலிலேயே கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கிளம்பினேன், வேனில் ஏற இரண்டு பேர் பிடித்துத் தூக்க வேண்டியதாயிற்று. போன இடம் அஸ்பாரகஸ் தோட்டம். பேரைக் கேட்டுப் பயப்படாதே, மண்ணிலிருந்து நேராக விரல் மாதிரி முளைத்து வருகிற, சமைத்துச் சாப்பிடுகிற பச்சைத் தண்டு, அவ்வளவுதான். வளர்க்கிற அம்மாள் முன்பு பஸ் ஓட்டியவர். அறுபத்தைந்து வயது இருக்கும், நல்ல ஆகிருதி, வளவளவென்று பேசுவதில்லை. "இதுதான் வரிசை. இதுதான் பழைய வரிசை. இது புதுசா போடப்போற வரிசை. எதாவது கேக்கணும்னா கேளுங்க" என்று நாலு வாக்கியத்தில் முடித்துவிட்டார்.

புது வரிசைக்குக் குழி வெட்டிக்கொண்டிருந்தார்கள். நீளக் குழி, தம்பி. நாற்பதடி. நான் எட்டிப் பார்த்தேன். பார்க்காமல் இருந்திருக்கலாம். நூல் பிடிக்காமல் வெட்டியிருந்தார்கள், நடுவில் பாம்பு போன மாதிரி வளைந்திருந்தது. அது போகட்டும், அடிமட்டம் சமமாக இல்லை, கிழக்குக் கோடியில் நாலு விரல் இறங்கியிருந்தது. மழை பெய்தால் தண்ணீர் எல்லாம் அங்கே போய் நிற்கும். "இந்தச் செடிக்குக் கால்ல தண்ணி நிக்கலாமாம்மா?" என்று கேட்டேன். "நின்னா வேர் அழுகிடும்" என்றார். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கையோ பின்னால். மோவாயை நீட்டி, "அங்க கொஞ்சம் மண்ணு போடணும்" என்றேன். போட்டார். "இன்னும் ரெண்டு விரல்" என்றேன். "இந்தப் பக்கம் சுவரு சரியுது, உள்வாட்டமா செதுக்கணும்" என்றேன். ஆபீசரம்மா என் கையையே பார்த்துக்கொண்டு நின்றார். கால் மணி நேரம் இப்படிப் போனது. பஸ்காரம்மா மண்வெட்டியை ஊன்றி நிமிர்ந்தார். "ஏங்க, மோவாய்லயே இவ்வளவு வேலை வாங்குறீங்களே, அந்தக் கையில என்ன வச்சிருக்கீங்க பின்னால?"

"ஒண்ணுமில்லம்மா, கட்டிக்கிட்டு வரச் சொன்னாங்க" என்றேன்.

"யாரு சொன்னது?"

ஆபீசரம்மா வானத்தைப் பார்த்தார்.

"என் தோட்டத்துல நான் சொல்றதுதான். இறங்குங்க" என்று மண்வெட்டியை நீட்டினார்.

இறங்கினேன். நூலை இழுத்துக் கட்டச் சொன்னேன். அளவையெல்லாம் அவர் சொன்னார்: ஒரு முழம் ஆழம், ஒன்றரைச் சாண் அகலம், அடியில் நீளவாக்கில் ஒரு மேடு. அந்த மேட்டின் மேல் வேர்க்கொத்தை உட்காரவைத்து, எட்டுக்கால் பூச்சி காலை விரித்த மாதிரி வேரை இரண்டு பக்கமும் தொங்கவிட வேண்டும். ஒன்றுக்கொன்று ஒன்றரை அடி. வரிசைக்கு வரிசை ஐந்தடி, அதற்குக் குறைந்தால் பிறகு ஆள் நடக்க முடியாது. மேலே மூன்று விரல் மண்தான் போட வேண்டும், குழியை உடனே மூடக் கூடாது. "எப்ப மூடணும்?" என்று கேட்டேன். "முளை மேல வர வர, அதோட கழுத்து வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமா மண்ணு தள்ளணும். முழுசா மூட நாலஞ்சு மாசம் ஆகும். அவசரப்பட்டு மூடினா மூச்சு முட்டிரும்" என்றார். அவசரப்படாமல் மூடுகிற குழி. இப்படி ஒன்று இருக்கிறது என்று நாற்பது வருஷமாக எனக்கு யாரும் சொல்லவில்லை. பழைய வரிசையில் கூட்டிப்போய்க் காட்டினார். காலையில் ஒரு சாண் இருக்கிற தண்டு சாயங்காலம் பார்த்தால் இரண்டு விரல் கூடியிருக்குமாம், சூடு இருந்தால். தரைக்கு ஒட்டக் கத்தியால் அறுக்க வேண்டும், வளைத்து ஒடிக்கக் கூடாது. சில வாரம் அறுத்துவிட்டு நிறுத்திவிட வேண்டும், மீதியை இடுப்பளவு புதராக வளரவிட்டு வேருக்குச் சாப்பாடு சேர்க்க வேண்டும். சிவப்புக் காய் பிடிக்கிறது பெண் செடி, அது காய்க்கிற வேலையிலேயே பலத்தை விட்டுவிடும். காய்க்காத ஆண் செடிதான் அதிகம் தண்டு கொடுக்கும் என்றார். "ஆண் ஜாதி வேலை செய்யிற ஒரே இடம் இதுதான்" என்று சொல்லிவிட்டு அவரே சிரித்தார், பதினொரு பேரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன்.

பிறகு நோட்டு வாத்தியார்தான் கேட்டார். நல்ல கேள்விதான், அவரைச் சொல்லிக் குற்றமில்லை. "நட்டா எப்ப அறுக்கலாம்மா?"

"முதல் வருஷம் தொடக் கூடாது. ரெண்டாம் வருஷமும் தொடக் கூடாது. மூணாம் வருஷம்தான் வெட்டலாம். அப்புறம் இருபது வருஷத்துக்குக் கவலையில்ல."

தம்பி, பன்னிரண்டு பேர் அங்கே நின்றோம். அதில் பத்துப் பேர் என்னைப் பார்த்தார்கள், பார்த்துவிட்டு உடனே வேறு எங்கேயோ பார்த்தார்கள். நோட்டு வாத்தியார் எதையோ எழுதி, அடித்தார். ஆபீசரம்மா "மணியாச்சு, வேன் எடுக்கணும்" என்றார், அப்போது மணி பதினொன்றுகூட ஆகவில்லை. எனக்கு எழுபத்தாறு வயது என்று எனக்கு எப்போதும் தெரியும், கேட்டால் நாள் கிழமையோடு சொல்வேன். ஆனால் குழிக்குள் நின்றுகொண்டு, கையில் மண்வெட்டியோடு, மேலே நிற்கிறவர்கள் எல்லாரும் அதைத் தெரிந்துகொண்டதைப் பார்த்தது அன்றைக்குத்தான். பஸ்காரம்மா மட்டும் ஒன்றும் நடக்காத மாதிரி, "வேணும்னா சொல்லுங்க, வேர்க்கொத்து பிரிச்சுத் தரேன்" என்றார். "பார்க்கலாம்மா" என்று சொல்லிவிட்டு மேலே ஏறி, கையைக் கழுவி, மறுபடி பின்னால் கட்டிக்கொண்டேன். இந்தத் தடவை யாரும் கட்டச் சொல்லவில்லை.

ஆக, காளான் எனக்கு ஒத்துவராது, கீரை என்னைக் கண்டால் செத்துவிடும், மூன்றாவதற்கு நான் ஒத்துவர மாட்டேன். மாதமும் முடிந்துவிட்டது. நீ சொன்னதுதான் சரி. குடோன்காரருக்குத் தகவல் சொல்லிவிடு. பத்திரத்தைத் தபாலில் அனுப்பு, எங்கே வைக்க வேண்டுமோ அங்கே பென்சிலால் ஒரு வட்டம் போட்டு அனுப்பு. எதிர்வீட்டுத் தையற்காரரிடம் மைப்பெட்டி இருக்கிறது, கேட்டால் கொடுப்பார். எனக்கு ஒரு மனத்தாங்கலும் இல்லை. ஒரு மாதம் கொடுத்தாய், அதில் மூன்று சனிக்கிழமை நன்றாகப் போயிற்று, அது போதும். இனி உட்கார்ந்து காப்பி குடிக்கிறேன்.

உனக்கும் உன் வீட்டுக்காரிக்கும் எங்கள் ஆசி. பிள்ளைகள் சௌக்கியமாக, உன் முழங்கால் மடக்க நீட்ட வசதியாக, நூறு வயது இருங்கள். அங்கே குழாயில் எங்காவது சொட்டினால் யாரையும் கூப்பிடாதே, எனக்கு ஃபோன் பண்ணு, நான் இங்கிருந்தே சொல்கிறேன்.

இப்படிக்கு,
உன் அண்ணன்
(கைப்பட எழுதியது அண்ணி. கை இப்போது வலிக்கிறது.)

பின்குறிப்பு: பத்திரத்தை அனுப்பாதே. என்ன நடந்தது என்றால், நேற்று எழுதி முடித்ததும் வழக்கம் போல உன் அண்ணியை முழுக்க வாசிக்கச் சொல்லிக் கேட்டேன், நான் சொன்னதெல்லாம் இருக்கிறதா என்று பார்க்க. ஒரு வரியும் விடவில்லை. வாசித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, என்னையே பார்த்தாள். "காளானுக்கு ஒரு பக்கம். கீரைக்கு ஒண்ணரைப் பக்கம். இந்தக் குழிக்கு மட்டும் எனக்குக் கை ஒடிஞ்சு போச்சு. ஒரு முழம் ஆழம், ஒண்ணரைச் சாண் அகலம், அஞ்சடி இடைவெளி, மூணு விரல் மண்ணு. வேண்டாங்கிற ஆளு எதுக்கு இவ்வளவும் சொன்னீங்க?" என்றாள். "ஞாபகம் இருந்துச்சு, சொன்னேன். வேற ஒண்ணுமில்ல. மூணு வருஷம் ஆகுமாம்டீ" என்றேன். "ஆகட்டுமே. இந்த மூணு வருஷத்துல நீங்க வேற எங்கயாவது போக வேண்டிய வேலை இருக்கா?" என்று கேட்டாள். யோசித்துப் பார்த்தேன். இல்லை.

கடிதத்தைக் கிழித்துவிடலாம் என்றேன், கை வலிக்க எழுதியதைக் கிழிக்க விடமாட்டேன் என்று பிடுங்கி வைத்துக்கொண்டாள். ஆகையால் அப்படியே வருகிறது. மேலே இருப்பதை வாசித்துச் சிரி, கீழே இருப்பதை நம்பு. ஒரு மாதம் கேட்டு, மாதம் முடிந்து இரண்டு நாள் தாண்டிப் பேசுகிறேன், அது என் தப்புதான், ஒப்புக்கொள்கிறேன். பஸ்காரம்மாவிடம் நூற்றறுபது வேர்க்கொத்துக்குச் சொல்லிவிட்டேன், ஆண் செடியாகப் பார்த்துத் தரச் சொல்லியிருக்கிறேன். முதல் குழிக்கு இன்றைக்குக் காலையில் நூல் பிடித்தாயிற்று. தினம் பத்தடி வெட்டினால் போதும், மத்தியானம் தூங்கவும் நேரம் இருக்கிறது. ஒரே ஒரு விஷயம். வாட்டம் பார்த்ததில் தண்ணீர் நிற்காத இடம் உன் பாதியில்தான் இருக்கிறது, எனவே ஆறு வரிசையில் நாலு வரிசை உன் பக்கம் வருகிறது. கோபம் வந்தால் நேரில் வந்து திட்டு, வரும்போது பழைய செருப்பாகப் போட்டுக்கொண்டு வா. குடோன்காரரிடம் மரியாதையாகச் சொல்லிவிடு: நிலம் இன்னும் இருபத்திரண்டு வருஷத்தில் காலியாகிவிடும், அப்போது வந்து என்னைப் பார்க்கச் சொல்.